திரும்பி வர்ற வழி எங்கே தம்பி?

கொழுக்குமலைக்கு எப்படிப் போறதுன்னு கேட்டா, காலேஜ் கேன்டீன்ல டீ குடிக்கிற பத்துப் பேர்ல எட்டுப் பேர் வழி சொல்லிடுவாங்க. ஆனா, எப்படி இறங்கி வர்றதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வைப்பர் மோட்டார். அதுவும் நம்மளைவிட வயசுல மூத்த ஜீப்ல, 'ஓடவா, வேண்டாமா'ன்னு யோசிச்சு யோசிச்சு ஓடின ஒரு கிழட்டு மோட்டார்!

நாலு டிபார்ட்மென்ட், ஒரு ஜீப்

எங்க செட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. மெக், சிவில், ஈ.சி.ஈ., ட்ரிபிள் ஈ... டிபார்ட்மென்ட்தான் பேரு. இதில் ட்ரிபிள் ஈ அடியேன். நாலு பேருமாக ஒரு அக்டோபர் வெள்ளிக்கிழமை மதுரையில் போடி ரயில் ஏறினோம். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி, 2023 ஜூன்ல மறுபடி போடி வரைக்கும் ஓட விட்டாங்களே... அதே ரயில்தான். போடியில் இறங்கினால் ஏலக்காய் வாசம். அங்கிருந்து பஸ். போடிமெட்டு ஏறுகிற 17 கொண்டை ஊசி வளைவிலும் சிவில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கவே இல்லை (காரணம் கேட்காதீங்க, சாப்பாட்டு நேரமா இருக்கலாம்). பூப்பாறை, சின்னக்கானல் தாண்டி சூரியநெல்லியில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு சின்ன ஜியாகிரபி கிளாஸ். கொழுக்குமலை இருப்பது நம்ம தேனி மாவட்டத்தில். ஆனால், தேனி பக்கமிருந்து வண்டி போக ரோடு கிடையாது. குரங்கணியிலிருந்து நடைபாதை மட்டும்தான். வண்டியில் போகணும்னா கேரளாவுக்குள்ளே நுழைந்து, சூரியநெல்லி வழியா சுற்றி ஏறித்தான் தமிழ்நாட்டுக்குத் திரும்பணும். அந்தக் கடைசிப் பாதையும் ரோடு இல்லை, பாறை. அதனால்தான் அங்கே ஜீப்புக்கு மட்டும் ராஜமரியாதை.

சிவிலோட பெரியப்பாவுக்கு சூரியநெல்லி பக்கம் ஏலத் தோட்டம். அவரிடம் மகிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. முன் கண்ணாடியை அப்படியே சட்டத்தோடு பானட் மேல் மடக்கிப் போடலாமே, அந்தக் காலத்து மாடல். பளபளவென்று பச்சைப் பெயிண்ட். "போன வருஷந்தான் அடிச்சேன். எப்பூடி?" என்று பெரியப்பா கேட்டபோது, புது மாப்பிள்ளையைக் காட்டுகிற பெருமை அவர் முகத்தில். மேலே டீ ஃபேக்டரியில் அவருக்குத் தெரிந்தவர் இருக்கிறார். விடியற்காலை எங்களை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. நாலு மணிக்கு ஐப்பசி மழை பிடித்தது. பெரியப்பா வைப்பர் சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் காலி மச்சான்!

வைப்பர் ஓடியது. இல்லை, நடந்தது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள், துடைத்த இடமெல்லாம் மறுபடி தண்ணீர். ஈ.சி.ஈ. செல்போனில் டைம் வைத்து எண்ணினான். நிமிஷத்துக்கு 21 தடவை.

பெரியப்பா வண்டியை ஓரம் கட்டினார். "டேய் பசங்களா, இதை வச்சுக்கிட்டு ஏறிடலாம். விடியக்காலம் மழை இருக்காது. ஆனா, மதியத்துக்கு மேல இறங்கணும்ல? அப்ப மழை வந்தா கண்ணு தெரியாது. ராத்திரிக்குள்ள சரியானா போவோம். இல்லேன்னா பேசாம மூணாறு பஸ் ஏறுங்க" என்றார். அந்தக் குரலில் பேரம் பேச இடமே இல்லை.

உடனே கூடியது எங்கள் நால்வர் குழு. மெக் பானட்டைத் திறந்து பார்த்து (வைப்பர் மோட்டார் அங்கே இல்லை, அது கண்ணாடிச் சட்டத்தில்!) தீர்ப்பு சொன்னான்: "மோட்டார் காலி மச்சான். புதுசு போட்டுடலாம்." நானும் தலையாட்டினேன். மூணாம் வருஷம் ட்ரிபிள் ஈ. டி.சி. மோட்டார் பாடத்தில் 78 மார்க். ஆனா, ஒரு மோட்டாரைக் கழற்றிப் பார்த்ததில்லை. இந்த உண்மையை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால், "இந்த மாடலுக்கா? சொல்லி வச்சாத்தான் வரும். ரெண்டு, மூணு நாளாகும்" என்று கையை விரித்தார்கள். எங்கள் கொழுக்குமலை கண் முன்னாலேயே மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

எப்ப இருந்து இப்படி?

கடைசியாகப் பெரியப்பா கூட்டிப்போன இடம், தகரக் கூரை போட்ட ஒரு 'செல்ஃப் டைனமோ' கடை. உள்ளே அறுபதைத் தாண்டிய ஒரு ஐயா, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஒரு லாரியோட செல்ஃப் மோட்டாருக்கு கார்பன் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, வைப்பர் மோட்டார் போயிடுச்சு. புதுசு கிடைக்குமா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடுதா, ஓடலையா?"

"ஓடுது... மெதுவா."

"ஓடுற மோட்டாரைப் போயிடுச்சுன்னு சொல்லக் கூடாது தம்பி. எப்ப இருந்து இப்படி?"

பெரியப்பா யோசித்தார். "போன வருஷத்துல இருந்துதான்..."

ஐயா அப்போதுதான் எழுந்து வந்து ஜீப்பைப் பார்த்தார். பச்சைப் பெயிண்ட்டைத் தடவினார். ஏதோ புரிந்த மாதிரி சிரித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்கள்லாம் இன்ஜினீயரு பசங்களா? அப்ப நீங்களே பாருங்க. நான் சொல்றேன்" என்று திரும்பவும் சாக்கில் உட்கார்ந்துவிட்டார். செத்தோம்!

முதல் வேலை, வைப்பர் கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. வேகம் கூடினால் ரப்பரிலோ கண்ணாடியிலோ தகராறு. எங்கள் வைப்பர் அந்தரத்திலும் அதே நடைதான். அடுத்து, மோட்டாரிலிருந்து இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, வைப்பர் கையைக் கையால் ஆட்டிப் பார்ப்பது. இறுக்கமாக இருந்தால் அதன் அச்சு துருப்பிடித்திருக்கும். அதுவும் லேசாகத்தான் ஆடியது. "சரி, இப்ப கரண்ட்டுக்கு வாங்க. கரண்ட் போற வழியைக் காட்டு தம்பி" என்று என்னைப் பார்த்தார்.

என் ஏரியா! பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், மோட்டார் என்று விரலால் வரிசையாகத் தொட்டுக் காட்டினேன்.

"நல்லது. திரும்பி வர்ற வழி எங்கே தம்பி?"

மோட்டாரைச் சுற்றிப் பார்த்தேன். பேட்டரிக்குத் திரும்புகிற ஒயரே இல்லை. நான் முழிக்க, மெக் முழிக்க, ஈ.சி.ஈ. செல்போனைப் பார்ப்பது போல் நடிக்க...

பெயிண்ட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த எதிரி

விஷயம் இதுதான். பழைய வண்டிகளில் பல சாமான்களுக்குத் திரும்பு வழி ஒயர் கிடையாது. வண்டியோட இரும்பு உடம்பேதான் திரும்பு வழி. அதைத்தான் 'எர்த்' என்கிறோம். மோட்டாரோட கூட்டிலிருந்து கரண்ட் கண்ணாடிச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து பாடிக்கு இறங்கி, பேட்டரி நெகட்டிவுக்குப் போகணும். ஆனா, இந்த ஜீப்பில் கண்ணாடிச் சட்டம் மடங்குகிற சட்டம். அது பாடியைத் தொடுவது கீல் வழியாக மட்டும்தான். கீலில் வருஷக்கணக்கான துரு. துருவுக்கு மேலே, போதாக்குறைக்கு, போன வருஷத்துப் பச்சைப் பெயிண்ட். மோட்டார் உட்காருகிற இடத்திலும் அதே பெயிண்ட். பெயிண்ட் வழியா கரண்ட் போகாது. அங்கங்கே ஒரு ஸ்க்ரூ தொட்டுக்கொண்டிருந்த தயவில்தான் அந்த மோட்டார் நடந்துகொண்டாவது இருந்தது.

ஐயா ஒரு மீட்டரைக் கொடுத்து அளக்கச் சொன்னார். வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட். மோட்டாருக்கு வந்து சேர்ந்தது 8.7. நடுவில் காணாமல் போன 3.7 வோல்ட் எங்கே? போகிற வழியில், அதாவது சுவிட்ச், ஒயர் எல்லாம் சேர்ந்து தின்றது 0.6. மோட்டார் கூட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். 3.1! அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. கூட்டிப் பார்த்தால் கணக்கு அப்படியே டேலி. கிர்ச்சாஃப் விதியை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

மோட்டார் இழுத்தது சுமார் 4 ஆம்பியர். அப்படியென்றால் அந்தக் கீலில் ஒளிந்திருந்த தடை ஒரு ஓம்கூட இல்லை, முக்கால் ஓம்தான். பரீட்சையில் 'புறக்கணிக்கத்தக்கது' என்று எழுதிவிட்டுப் போகிற அளவு!

ஐயா ஒரு நீள ஒயரை எடுத்தார். ஒரு முனையை மோட்டார் கூட்டில் சுரண்டிய இடத்தில் வைத்தார். மறுமுனையை பேட்டரி நெகட்டிவில் வைக்கச் சொன்னார். வைத்தேன். வைப்பர் திடுக்கிட்டு எழுந்த மாதிரி வேகம் எடுத்தது. ஈ.சி.ஈ. எண்ணினான். 34. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன் பச்சைப் பெயிண்ட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

வைப்பர் ஃபிளாஷ்பேக்

* வைப்பருக்கு அமெரிக்காவில் 1903-லேயே காப்புரிமை வாங்கியவர் ஒரு பெண். அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். நியூயார்க்கில் பனி கொட்டும்போது டிராம் டிரைவர் கண்ணாடியைத் திறந்து வைத்துக் கஷ்டப்பட்டதைப் பார்த்து வந்த ஐடியா. வண்டிக்குள்ளே இருந்து கைப்பிடியை ஆட்டினால் வெளியே ரப்பர் துடைக்கும். இந்தக் கண்டுபிடிப்பால் அவர் பணக்காரர் ஆகவில்லை. 2011-ல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தார்கள்.

* இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப்பில் கையால் ஆட்டுகிற வைப்பர் இருந்தது. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் வைப்பர்! அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் 1947-ல் மகிந்திரா இந்தியாவில் அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது.

* மின்சார மோட்டார் பரவும் முன்னால், பெட்ரோல் இன்ஜினோட உறிஞ்சும் சக்தியில் ஓடுகிற வைப்பர் இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சும் சக்தி குறையும். அதனால் மேடு ஏறும்போது பார்த்து வைப்பர் படுத்துவிடும்.

கருப்பட்டிப் பாகு கிரீஸ்

"அவ்வளவுதானே ஐயா? ஒயர் கொடுத்துட்டா முடிஞ்சுதா?" என்றேன்.

"34-தானே ஓடுது? 40-க்கு மேல ஓடணும். வழி சரியாயிடுச்சு. நடக்கிறவன் காலைப் பார்க்க வேண்டாமா?"

பேட்டரி கிளிப்பைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கினோம். திறப்பதற்கு முன்னால் கூட்டுக்கும் மூடிக்கும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கிழிக்கச் சொன்னார். திரும்ப மாட்டும்போது திசை மாறக் கூடாதே! கியர் மூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸ் இறுகி, கருப்பட்டிப் பாகு ஆறிப்போன மாதிரி பல்சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தது. குச்சியால் வழித்து எடுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தோம். "பீடி, சிகரெட் ஆசாமி யாராவது இருந்தா வெளிய போயிடு" என்றார் ஐயா. சிவில் நல்ல பிள்ளையாக நகர்ந்தான்.

அடுத்தது ஆர்மேச்சர். உள்ளே நிரந்தரக் காந்தம் என்பதால் திரும்ப மாட்டும்போது ஆர்மேச்சரை அது வெடுக்கென்று இழுக்கும். ஏமாந்தால் கார்பன் உடைந்துவிடும். அச்சு முனையில் குண்டுமணி சைஸில் ஒரு இரும்பு பால் இருந்தது. அதைத் தொலைக்காமல் இருக்க மெக் தன் டிபன் பாக்ஸ் மூடியைத் தியாகம் செய்தான். கார்பன்கள் தேயாமல் நீளமாகவே இருந்தன. ஆனால், அவை உரசுகிற செம்புப் பட்டைகள் கறுத்திருந்தன. மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பட்டைகளின் இடுக்கில் இருந்த கரித்தூளை ஊசியால் எடுத்தேன். புஷ்ஷுக்கு எண்ணெய், சொட்டுக் கணக்கில்தான். "கூட ஊத்துனா கார்பனுக்கு வந்து சேரும். அப்புறம் நீ புது மோட்டாரே வாங்கலாம்." கியருக்குப் புது கிரீஸ், அளவோடு.

கடைசியாக, மோட்டார் உட்காருகிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்தோம். மோட்டார் கூட்டிலிருந்து கீலைத் தாண்டி பாடிக்கு ஒரு தனி எர்த் ஒயர். கண்ணாடியை மடக்கும்போது இழுபடாமல் இருக்க, கொஞ்சம் தளர்வாக விட்டோம். சுரண்டிய இடங்களில் மறுபடி துரு ஏறாமல் இருக்க கிரீஸ் பூச்சு.

சுவிட்ச். சர்ர்ர்... சர்ர்ர்... ஈ.சி.ஈ. எண்ணி முடித்து "43" என்றான். தகரக் கூரை மேல் மழை. கூரைக்குக் கீழே நாங்கள் போட்ட விசில்!

கூலியும் ஒயர் காசும் சேர்த்து அவர் கேட்டது, நாங்கள் நாலு பேர் ஒரு சினிமாவுக்குப் போகிற செலவுகூட இல்லை.

மேகத்துக்கு மேல டீ

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அந்தப் பாதையில் உட்காரவே முடியாது. ஜீப் ஒவ்வொரு பாறையிலும் ஏறி இறங்க, தலை கூரையில், முட்டி டேஷ்போர்டில். மெக் மட்டும் "சஸ்பென்ஷன்... சஸ்பென்ஷன்..." என்று மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தான்.

மேலே போய் நின்றபோது, வாய் பேச வரவில்லை. ஏழாயிரம் அடிக்கும் மேலே நிற்கிறோம். காலுக்குக் கீழே வெள்ளையாய் மேகம். கிழக்கே அந்த மேகத்துக்குள்ளிருந்து சூரியன். மேகம் கொஞ்சம் விலகியதும் பாதாளத்தில் போடி பக்கத்துச் சமவெளி. நேற்று காலையில் நாங்கள் ரயிலில் இறங்கின ஊர் அது! எதிர்ப்பக்கம் மீசைப்புலிமலை. 1930-களில் கட்டின டீ ஃபேக்டரிக்குள் போனால், பழைய முறையில் இலையை உருட்டி நசுக்கும் இயந்திரங்கள் இன்னமும் சுற்றுகின்றன. இந்த உயரத்துக்கு இதையெல்லாம் எப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தார்களோ!

பெரியப்பாவோட சிநேகிதர் சுடச்சுட டீ கொடுத்தார். குடித்துக்கொண்டே குரங்கணி பக்கம் இறங்குகிற சரிவைக் காட்டினார். 2018 மார்ச் 11-ம் தேதி அந்தச் சரிவில்தான் காட்டுத்தீயில் மலையேற்றம் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இருபது பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். நிறையப் பேர் இளம் வயசுக்காரர்கள். அவர்கள் ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீ ஆறிப்போனது.

இறங்குற நேரம்

கிளம்பும்போது மதியம் ஒரு மணி. பாதி வழிகூட வந்திருக்க மாட்டோம், மழை கொட்ட ஆரம்பித்தது. மழையோடு மேகமும் இறங்கிவிட்டது. வலது பக்கம் மலை, இடது பக்கம்... பார்க்காமல் இருப்பதே நல்லது. பெரியப்பா ஃபோர் வீல் போட்டு, முதல் கியரில் ஜீப்பை அங்குலம் அங்குலமாக இறக்கினார். உள்ளே யாரும் பேசவில்லை. கேட்டதெல்லாம் அந்த ஒரே சத்தம்தான். சர்ர்ர்... சர்ர்ர்... கண்ணாடி தெளிவாகி, மங்கி, உடனே திரும்பத் தெளிவாகி...

ஒரு வளைவில் பெரியப்பா சட்டென்று பிரேக்கை மிதித்தார். முன்னால் வெள்ளையாக மேகம். அதற்குள் மங்கலாக இரண்டு மஞ்சள் புள்ளி. ஏறி வருகிற ஒரு எஸ்டேட் ஜீப். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. பெரியப்பா மலையை ஒட்டி ஒதுங்கி நின்றார். அந்த ஜீப் எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. அந்த டிரைவர் கையைத் தூக்கினார். பெரியப்பாவும் தூக்கினார். அவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஆனால், நேற்றைய வைப்பராக இருந்திருந்தால் அந்த மஞ்சள் புள்ளிகளை எப்போது பார்த்திருப்போம்? மனசுக்குள்ளே நான் போட்ட கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. 43 என்றால் ஒன்றரை செகண்டுக்குள் ஒரு தடவை போய் வந்துவிடும். 21 என்றால் மூணு செகண்ட். பாதி வழியில் பார்க்க, அந்த ஒன்றரை செகண்ட் ரொம்ப நீளம்.

சூரியநெல்லி வந்ததும் அந்த தகரக் கூரைக் கடை முன்னால் பெரியப்பா தானாகவே வண்டியை நிறுத்தினார். ஐயா அதே சாக்கில், வேறொரு மோட்டாரோடு. தலையைத் தூக்கி எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். நாலு பேரையும் பெரியப்பாவையும் எண்ணினார் என்று நினைக்கிறேன்.

"வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சு ஐயா" என்றோம்.

மதுரைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஹாஸ்டல் ரூமில் ரெண்டு வருஷமாக 'காலி' என்று மூலையில் தள்ளி வைத்திருந்த டேபிள் ஃபேனைக் கழற்றியது. மூடிக்கும் கூட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் திறந்தேன். இப்போ ஓடுது மச்சான்!